ஸ்டாக் கணக்கு உதைச்சது... காரணம் ஒரு 'சோப்பு'!

போன வீடியோவில் டாக்ஸ் ஆடிட் பத்திப் பேசும்போது, "திருவண்ணாமலையில ஒரு பைப் கம்பெனி கணக்கு என்னை ரெண்டு நாள் தூங்க விடல"ன்னு ஒரு வரி சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அந்தக் கதையை முழுசா சொல்ல வீடியோவில் நேரம் இல்லை. அதனால இங்கே எழுதுறேன். கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும், பயப்படாதீங்க. நானும் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, செப்டம்பர் மாசம். ஆடிட்டர் ஆபீஸ்ல அந்த மாசம் எப்படி இருக்கும்னு ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணவங்களுக்குத் தெரியும். வரித் தணிக்கைக்கான 3சிடி படிவத்தில் 35-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. உற்பத்தி பண்ற நிறுவனம்னா மூலப்பொருள் ஆரம்ப இருப்பு எவ்வளவு, வாங்கினது எவ்வளவு, செலவானது எவ்வளவு, அதுல எவ்வளவு சரக்கு வந்தது, எல்லாத்தையும் கிலோ கணக்கில் எழுதணும். பல பேர் அதைக் கடைசி நாள்ல அவசரமா நிரப்புவாங்க. எனக்கு என்னவோ அந்தப் பிரிவுதான் ரொம்பப் பிடிக்கும். ரூபாயை எப்படி வேணாலும் எழுதலாம், கிலோவை அப்படி எழுத முடியாது.

நம்ம கிளையண்ட் ஊருக்கு வெளியே, செங்கம் ரோடு பக்கம் சின்னதா ஒரு பிவிசி பைப் யூனிட் நடத்துறார். ரெண்டே ரெண்டு எக்ஸ்ட்ரூடர். நான் அவரை அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். அவர் என்னை விட பதினஞ்சு வயசு பெரியவர், ஆனா 'சார்'ல இருந்து இன்னும் இறங்கலை. அவர் கணக்குல எண்கள் இப்படி இருந்தது. (எண்களை மாத்தித்தான் சொல்றேன், விகிதம் மட்டும் நிஜம்.) முந்தின வருஷம் பிவிசி ரெசின் 2,00,000 கிலோ, ஸ்டெபிலைசர் 4,000 கிலோ. அதாவது நூறு கிலோ ரெசினுக்கு ரெண்டு கிலோ. இந்த வருஷம் ரெசின் 2,10,000 கிலோ, அஞ்சு சதவீதம்தான் கூடியிருக்கு. ஸ்டெபிலைசர் மட்டும் 6,300 கிலோ! அம்பத்தேழரை சதவீதம் ஏறியிருக்கு.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். சாம்பார் வைக்கிறவங்களுக்குப் புரியும். வீட்டுல துவரம்பருப்பு அதே அளவுதான் வாங்குறீங்க, ஆனா சாம்பார்ப் பொடி மட்டும் ஒண்ணரை மடங்கு காலியாகுதுன்னா, ஒண்ணு சாம்பார் காரமாகியிருக்கணும், இல்ல வேற எங்கேயோ பருப்பு வாங்கி யாருக்கோ சாம்பார் வெச்சுக் கொடுத்திருக்கணும். பழைய விகிதத்துல பார்த்தா 6,300 கிலோ ஸ்டெபிலைசருக்கு 3,15,000 கிலோ ரெசின் ஓடியிருக்கணும். கணக்குல இருக்கிறதோ 2,10,000. மிச்சம் 1,05,000 கிலோ எங்கே? கிலோ 80 ரூபாய்னு வெச்சாலே 84 லட்சத்துக்கு பில் இல்லாத ரெசின். அதுல செஞ்ச பைப் பில் இல்லாம போயிருந்தா ஜிஎஸ்டி, வருமான வரி, அபராதம்னு வரிசையா வரும். எக்சைஸ் காலத்திலிருந்தே அதிகாரிகள் இப்படித்தான் பிடிப்பாங்க. பெரிய மூட்டையை மறைக்கிறவங்க சின்ன மூட்டையை மறந்துடுவாங்க. கரண்ட் பில், பேக்கிங் சாக்கு, இந்த மாதிரி நூறுக்கு ரெண்டு மூணு கிலோ போடுற பொருள்... இதுதான் காட்டிக்கொடுக்கும்.

பத்து வருஷமா தெரிஞ்ச மனுஷன். எப்படிக் கேட்கிறது? ரெண்டு நாள் யோசிச்சுட்டு மூணாவது நாள் நேராவே யூனிட்டுக்குப் போனேன். பேப்பரை நீட்டினதும் பார்த்துட்டு சிரிச்சார். "திருட்டுத்தனம் ஒண்ணும் இல்ல சார். பவுடரை மாத்திட்டேன்."

அந்தப் 'பவுடர்' என்னன்னு புரிஞ்சாதான் மீதிக் கதை புரியும். அதுக்கு நம்ம ஊர் பாத்ரூமுக்குப் போகணும்.

போர் தண்ணியில் நுரை வராத சோப்பு

திருவண்ணாமலைக்குக் கிரிவலம் வந்து லாட்ஜ்ல தங்கினவங்க கவனிச்சிருப்பீங்க. சாத்தனூர் அணைத் தண்ணி வர்ற இடத்துல பரவாயில்லை, போர் தண்ணி வர்ற இடத்துல எவ்வளவு தேய்ச்சாலும் சோப்பு நுரைக்காது. பக்கெட் ஓரத்துல, டைல்ஸ்ல எல்லாம் வெள்ளையா, பிசுபிசுன்னு ஒரு படலம் படியும். எங்க அம்மா இருபது வருஷமா அதைத் தேய்ச்சுக்கிட்டிருக்காங்க.

அந்தப் படலம் அழுக்கு இல்லை. குளியல் சோப்புங்கிறது எண்ணெயில் இருக்கிற கொழுப்பு அமிலங்களோட சோடியம் உப்பு. ஸ்டியரிக் அமிலம் அதுல ஒண்ணு. பாமாயிலில் கொஞ்சம், நெய்யில் இன்னும் அதிகம், மாட்டுக்கொழுப்பில் அதை விட அதிகம். மலை மேல தீபக் கொப்பரையில் எரியுற நெய்யிலும் அது இருக்கு. சோடியம் உப்பு தண்ணியில் கரையும், அதான் நுரை. போர் தண்ணியில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய. சோப்பு அதுல பட்டதும் சோடியம் வெளியே போய் கால்சியம் உட்கார்ந்துக்கும். கால்சியம் சோப்பு தண்ணியில் கரையாது. வெள்ளையா திரிஞ்சு படியும். கால்சியம் ஸ்டியரேட்டும் அதன் பங்காளிகளும்தான் உங்க பக்கெட் ஓரத்துல இருக்கிறது.

இதையே ஃபேக்டரியில் சுத்தமா செஞ்சு, வடிகட்டி, காய வெச்சு, வெள்ளை மாவா மூட்டை பிடிச்சா அதுக்குப் பேரு மெட்டாலிக் சோப். ஸ்டியரிக் அமிலத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைச்சு சாதாரண சோப்பாக்கி, அப்புறம் கால்சியம் உப்பையோ சிங்க் உப்பையோ ஊத்தினா கட்டியா திரியும். அப்படியே நம்ம பாத்ரூமில் நடக்கிறதுதான், பெரிய தொட்டியில். இன்னொரு வழி, உருக்கின ஸ்டியரிக் அமிலத்தில் சிங்க் ஆக்சைடை நேரா போட்டுக் கிளறுறது. ரெண்டு வழியிலயும் வர்ற மாவைத் தொட்டா விரல் வழுக்கும், தண்ணியை ஒட்டவே விடாது. நீங்க போடுற நிறைய மாத்திரையில் மக்னீசியம் ஸ்டியரேட் இருக்கும். மாத்திரையை அழுத்துற அச்சில் மருந்து ஒட்டாம விழுறதுக்கு.

இங்கே ஒரு வரி விஷயம், சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. கெமிஸ்ட்ரி இதை சோப்புன்னு சொல்லுது. சட்டம் சோப்பு இல்லைன்னு சொல்லுது! சுங்க வரி அட்டவணையில் 34-ஆம் அத்தியாயத்தின் குறிப்பிலேயே எழுதியிருக்கு: 3401 தலைப்பில் சோப்புன்னா தண்ணியில் கரையுற சோப்பு மட்டும்தான். அதனால கால்சியம் ஸ்டியரேட்டும் சிங்க் ஸ்டியரேட்டும் சோப்பு வரிசைக்கு வராம 2915-க்குப் போகும், கலவை ஸ்டெபிலைசரா இருந்தா 3812. 2025 செப்டம்பர் 22-லிருந்து குளியல் சோப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆச்சு இல்லையா? இந்த 'சோப்பு'க்கு அந்தச் சலுகை இல்லை, அதே 18தான். வாங்குறவர் இன்புட் கிரெடிட் எடுத்துக்குவார், அதனால பெரிய வருத்தம் இல்லை.

பைப்புக்கு எதுக்கு சோப்பு?

பிவிசி ரொம்ப மலிவான, உறுதியான பிளாஸ்டிக். ஆனா ஒரு பெரிய பலவீனம் இருக்கு. சூடு தாங்காது. பைப்பா இழுக்கணும்னா 170லிருந்து 200 டிகிரி வரைக்கும் சூடு பண்ணணும். அதுக்கு ரொம்ப முன்னாடியே அது சிதைய ஆரம்பிச்சு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அந்த அமிலமே பக்கத்துல இருக்கிறதையும் சிதைக்கத் தூண்டும். வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, கடைசியில் கரி. அதாவது பைப் செய்யத் தேவையான சூட்டுல பிவிசி உயிரோட இருக்காது. ஸ்டெபிலைசர் இல்லாம பிவிசி தொழிலே கிடையாது.

ரெண்டாவது பிரச்சினை ஒட்டுறது. உருகின பிவிசி இரும்பு ஸ்க்ரூவிலும் டையிலும் அப்பிக்கும். உள்ளுக்குள்ளயும் துகளும் துகளும் உரசிச் சூடேறும். அதுக்கு வழுக்குப் பொருள் வேணும். மெட்டாலிக் சோப்பு இந்த ரெண்டு வேலையும் பார்க்கும். ஒரு முனையில் உலோகம், அது அமிலத்தைப் பிடிச்சுக்கும். இன்னொரு முனையில் நீளமான கொழுப்பு வால், அது வழுக்கும். ஒரே சம்பளத்தில் ரெண்டு ஆள் வேலை. (ஹெச்ஆர்காரங்க இதைப் படிக்க வேண்டாம்.)

வழுக்குப் பொருள் அதிகமானாலும் ஆபத்துதான். மாவு சரியா உருகி ஒண்ணோடொண்ணு பிடிக்காம வழுக்கிக்கிட்டே வெளிய வந்துடும். பார்க்க பளபளன்னு இருக்கும். ஆனா கீழே போட்டா கண்ணாடி மாதிரி உடையும்.

இப்போ முக்கியமான இடம். சிங்க் ஸ்டியரேட் தனியா போட்டா என்ன ஆகும்? ஆரம்பத்துல அருமையா வேலை செய்யும். பைப் பளிச்னு வெள்ளையா வரும். ஆனா அது அமிலத்தைப் பிடிக்கப் பிடிக்க சிங்க் குளோரைடா மாறும். அந்த சிங்க் குளோரைடு பிவிசியை இன்னும் வேகமா சிதைக்கிற பொருள். ஒரு அளவுக்கு மேல சேர்ந்ததும் முன்னறிவிப்பே இல்லாம மொத்தமும் கறுத்துடும். கால்சியம் ஸ்டியரேட் தனியா போட்டா, மெதுவான ஆளு. ஆரம்பத்துலேயே மஞ்சளடிக்கும், ஆனா ரொம்ப நேரம் தாங்கும். ரெண்டையும் சேர்த்துப் போட்டா சிங்க் முன்னாடி நின்னு அமிலத்தை வாங்கிக்கும், கால்சியம் பின்னாடியே வந்து சிங்க் கிட்டேருந்து குளோரைடை வாங்கிக்கிட்டு அதை மறுபடியும் சிங்க் ஸ்டியரேட்டா ஆக்கிவிடும். கால்சியம் குளோரைடு சாது, யாரையும் தொந்தரவு பண்ணாது.

நம்ம பாஷையில் சொல்லணும்னா சிங்க் கிரெடிட் கார்டு, கால்சியம் சம்பளம். கார்டு உடனே பில்லைக் கட்டிடும், எல்லாம் ஜோரா இருக்கும். பின்னாடி சம்பளம் வந்து அவுட்ஸ்டாண்டிங்கை அடைச்சுக்கிட்டே இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. சம்பளம் போதாம நிலுவை சேர்ந்துக்கிட்டே போனா ஒரு நாள் மொத்தமா கறுக்கும். இன்னைக்குச் சந்தையில் கால்சியம்-சிங்க் 'ஒன் பேக்'னு விக்கிறது இந்த ஜோடியோட மெழுகும் மத்த துணைப் பொருள்களும் அளவா சேர்த்த ஒரே மூட்டை.

அதுக்கு முன்னாடி என்ன போட்டாங்க?

ஈயம். அண்ணன் "பவுடரை மாத்திட்டேன்"னு சொன்னது இதைத்தான்.

ஈய சல்ஃபேட் வகை ஒண்ணு, ஈய ஸ்டியரேட் வகை ஒண்ணு. ரெண்டும் சேர்ந்த ஒன் பேக்கை வெச்சுத்தான் இந்தியாவுல பிவிசி பைப் தொழில் பல பத்தாண்டுகள் ஓடிச்சு. உற்பத்தி பண்றவர் பக்கத்துல இருந்து பார்த்தா ஈயம் மாதிரி நல்ல வேலைக்காரன் கிடையாது. கொஞ்சமா போட்டாப் போதும். அமிலத்தைப் பிடிச்சதும் வர்ற ஈய குளோரைடு, சிங்க் குளோரைடு மாதிரி திருப்பிக் கடிக்காது. அதனால தப்புப் பண்ணாலும் மன்னிக்கும். திடீர்னு கரண்ட் போய் எக்ஸ்ட்ரூடர் நின்னா, பேரலுக்குள்ள மாட்டின மாவு கறுக்கிறதுக்கு முன்னாடி கூடுதலா சில நிமிஷம் கொடுக்கும். நம்ம பக்கம் அந்தச் சில நிமிஷத்துக்கு என்ன மதிப்புன்னு யூனிட் நடத்துறவங்களைக் கேளுங்க.

சிக்கல் என்னன்னா, அந்தப் பைப்புல குடிதண்ணி ஓடுது. ஈயம் பைப்புக்குள்ள இறுகித்தான் இருக்கும், ஆனா உள்பக்க மேற்பரப்புல இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில் இறங்கும். புது பைப்புல முதல்ல அதிகம், போகப் போகக் குறையும். அதனாலதான் நம்ம ஊர் பைப் சோதனையில் பைப்புக்குள்ள தண்ணியை அடைச்சு வெச்சு எடுத்து, முதல் தடவை லிட்டருக்கு 1 மில்லிகிராம், மூணாவது தடவை 0.3 மில்லிகிராம்னு ரெண்டு வரம்பு வெச்சிருந்தாங்க. குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500-இல் ஈயத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். சோதனை நிலைமையும் வீட்டுக் குழாயும் ஒண்ணு இல்லை, அதனால ரெண்டு எண்ணையும் நேருக்கு நேர் வெக்கக் கூடாது. ஆனா குழந்தைங்க விஷயத்துல ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு எதுவும் அறியப்படலைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. மூளை வளர்ச்சியைத்தான் அது தொடும். அது தொட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஐரோப்பாவுல பிவிசி தொழில்காரங்க தாங்களே முன்வந்து 2015 முடிவுக்குள்ள ஈய ஸ்டெபிலைசரை விட்டாங்க. இங்கே 2017-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2021-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பிவிசி பைப், ஃபிட்டிங்குகளில் ஈய ஸ்டெபிலைசர் பத்தித் தனி விதிகளே கொண்டு வந்தது. பெரிய பிராண்டுகள் 'லெட் ஃப்ரீ'ன்னு விளம்பரம் பண்ணதை நீங்களும் பார்த்திருப்பீங்க. நம்ம அண்ணன் மாதிரி ரெண்டு மெஷின்காரங்களுக்கு அது விளம்பரம் இல்லை, செலவு.

இந்த மாற்றத்துக்கு யார் காசு கட்டினது?

கணக்குப் போடலாம். விலை நாளுக்கு நாள் மாறும், அதனால உதாரணத்துக்கு மட்டும். ஈய ஒன் பேக் கிலோ 130 ரூபாய்னு வெச்சுக்குவோம். நூறு கிலோ ரெசினுக்கு ரெண்டு கிலோ, 260 ரூபாய். கால்சியம்-சிங்க் கிலோ 170 ரூபாய்னு வெச்சுக்குவோம். அது மூணு கிலோ போடணும், 510 ரூபாய். வித்தியாசம் 250. அதாவது ரெசின் கிலோவுக்கு ரெண்டரை ரூபாய்.

ஒரு சாதாரண வீட்டுக்குத் தண்ணி லைன் முழுக்க 60 கிலோ பைப் போகுதுன்னு வெச்சா, உங்களுக்கு ஆகிற கூடுதல் செலவு 150 ரூபாய். நாப்பது லட்சம் ஹோம் லோன் போட்டு வீடு கட்டுறவருக்கு இது கிரகப்பிரவேசத்துல ஒரு மாலைக் காசு.

அண்ணனுக்கு? 2,10,000 கிலோவுக்கு ரெண்டரை ரூபாய்னா வருஷத்துக்கு 5,25,000. அவர் லாபமே கிலோவுக்குச் சில ரூபாய்தான். அதை விலையில் ஏத்தலாமேன்னு கேட்டேன். "கடைக்காரர் ரெண்டு பைப்பையும் கையில வெச்சு எடை பார்ப்பார் சார். உள்ள ஈயம் இருக்கா இல்லையான்னு எடையில தெரியுமா?" அதான் பிரச்சினை. 150 ரூபாய் கொடுக்கத் தயாரா இருக்கிற வீட்டுக்காரருக்கும், அஞ்சே கால் லட்சத்தை முழுங்கின உற்பத்தியாளருக்கும் நடுவுல பேச்சுவார்த்தையே கிடையாது. நடுவுல இருக்கிறது கடை, காண்ட்ராக்டர், பிளம்பர். அவங்க மூணு பேருக்கும் மலிவான பைப்புதான் நல்ல பைப்.

பணம் மட்டும் இல்லை. உடைஞ்ச பைப், வெட்டின துண்டு எல்லாத்தையும் அரைச்சு மறுபடி மாவுல கலக்கிறது இந்தத் தொழிலில் வழக்கம். ஈயம் போட்ட பழைய ஸ்கிராப்பைப் புது மாவுல கலந்தா, ஈயத்தை முன் வாசல்ல அனுப்பிட்டுப் பின் வாசல்ல கூப்பிட்ட மாதிரி. அதனால குடோன்ல இருந்த பழைய அரைவையை அவர் தனியா ஒதுக்கிட்டார். மாவு மாறினதால மெஷின் சூடு, ஸ்க்ரூ வேகம் எல்லாத்தையும் புதுசா கண்டுபிடிக்கணும். முதல் ரெண்டு மாசத்துல கறுத்து வீணானதே நிறைய. அதையும் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சிருந்தார். மிக்ஸர்கிட்ட ஒட்டியிருந்த பேட்ச் ஷீட்டுல எந்தத் தேதியிலிருந்து ரெண்டு மூணாச்சுன்னு தெளிவா இருந்தது. சப்ளையர் பில்லுல பொருள் பேரும் மாறியிருந்தது. 1,05,000 கிலோ ரெசின் எங்கேயும் போகலை. இல்லவே இல்லாத ரெசின் அது.

நான் சந்தேகப்பட்டது அவருக்குத் தெரியும். அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கலை. டீ வந்தது, குடிச்சோம்.

ஷேர் கேள்விக்கு வர்றேன்

"ஸ்பெஷாலிட்டி கெமிக்கல்னு சொல்றாங்களே, இதுல முதலீடு பண்ணலாமா"ன்னு கேட்பீங்கன்னு தெரியும். நான் செபியில் பதிவு பண்ண ஆலோசகர் இல்லை. வாங்கு, விக்காதேன்னு சொல்ல மாட்டேன். எப்படிப் படிக்கிறதுன்னு மட்டும் சொல்றேன்.

ஒரு பைப்புக்குப் பின்னாடி மூணு விதமான கம்பெனி இருக்கு. ரெசின் செய்றவங்க: நம்ம மாநிலத்திலேயே கெம்ப்ளாஸ்ட் சன்மார் இருக்கு, மேட்டூர்லயும் கடலூர்லயும் பிவிசி ஆலை. 2021 ஆகஸ்ட்ல 541 ரூபாய்க்கு ஐபிஓ வந்தது. நாட்டுக்குத் தேவையான பிவிசியில் பாதிக்கு மேல இறக்குமதிங்கிறதால இவங்க விலையை உலகச் சந்தை முடிவு பண்ணும். அடுத்தது பைப் செய்றவங்க: ரெசின் விலை சரிஞ்சா கையிருப்புல நஷ்டம், 2022-ல நடந்தது அதுதான். மூணாவது இந்தச் சின்ன மூட்டைக்காரங்க, ஸ்டெபிலைசர் செய்றவங்க. பிளாட்டினம் இண்டஸ்ட்ரீஸ்னு ஒரு கம்பெனி 2024 பிப்ரவரி 27லிருந்து 29 வரை ஐபிஓ போட்டு, 171 ரூபாய்க்கு பங்கு கொடுத்து, மார்ச் 5-ல பட்டியலாச்சு. எகிப்துலயும் மகாராஷ்டிராவின் பால்கர்லயும் ஆலை போடுறதுக்குத்தான் பணத்தின் பெரும்பகுதின்னு ஆவணத்துல எழுதியிருந்தாங்க.

இந்த மாதிரி கம்பெனியோட ஆவணத்தை எடுத்தா நான் முதல்ல தேடுறது லாப வளர்ச்சி இல்லை. விற்பனையில் ஈய வகை எவ்வளவு, ஈயம் இல்லாத வகை எவ்வளவு? சட்டம் ஒரு பக்கம் கதவை மூடும்போது வருமானம் எந்த அறையில் இருக்குன்னு தெரியணும். அடுத்து மூலப்பொருள். ஸ்டியரிக் அமிலம் பெரும்பாலும் பாமாயில் வழி வர்றது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூணு வாரத்துக்கு மேல நிறுத்தினப்போ சமையல் எண்ணெய் பத்தி மட்டும்தான் டிவியில் பேசினாங்க. சோப்பும் ஸ்டியரேட்டும் அதே மரத்துலதான் தொங்குது. விலை ஏறினா வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியுதா? நூறு கிலோவில் மூணு கிலோ பொருள்னா, "இவ்வளவுதானே"ன்னு வாங்குறவர் ஒத்துக்க வாய்ப்பு உண்டு. அண்ணன் மாதிரி ஆளா இருந்தா பத்து ரூபாய்க்குப் பத்து நாள் பேரம் பேசுவார்.

உங்க வீட்டுக்கு

எங்க அப்பா 2008-ல கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளி வீடு கட்டினார். ரிட்டையர்மெண்ட் பணம், ஒவ்வொரு ரூபாயும் எண்ணி எண்ணி. பைப் எல்லாம் காண்ட்ராக்டர் பொறுப்பு. அண்ணன் யூனிட்டுக்குப் போய் வந்த வாரம், மாடியில் ஓடுற லைனைப் போய்ப் பார்த்தேன். மங்கிப்போன ஒரு பேர் மட்டும் இருந்தது. ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. அதுல ஈயம் இருந்ததா இல்லையான்னு பைப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. இல்லைன்னு நம்புறதுக்கு என்கிட்ட ஒரு காகிதமும் இல்லை. குடிக்கிறதுக்கு கேன் தண்ணிதான், ஆனா சமையலுக்கு இந்தக் குழாய்தான். என் பொண்ணு லீவுக்கு அங்கதான் இருப்பா. தொட்டியிலிருந்து சமையலறை வரைக்கும் உள்ள லைனை மட்டும் மாத்தினேன். கூலியோட பதினோராயிரம் ஆச்சு. கட்டும்போதே கேட்டிருந்தா சில நூறு ரூபாயில் முடிஞ்சிருக்கும்னு அப்பாகிட்ட சொல்லலை.

வீடு கட்டுறவங்க, பழைய வீடு வாங்குறவங்க பைப் மேல அச்சடிச்சதைப் படிங்க. குடிதண்ணிக்கான பிவிசி பைப்னா ஐஎஸ் 4985, சுடுதண்ணியும் போற சிபிவிசின்னா ஐஎஸ் 15778. ஐஎஸ் 13592ன்னு இருந்தா அது கழிவுநீர், மழைநீர் பைப். அதைக் குடிதண்ணிக்குப் போட்ட புண்ணியவான்களும் உண்டு. முத்திரைக்குக் கீழே 'சிஎம் பை எல்'னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த எண்ணைப் போட்டா யாருக்குக் கொடுத்த லைசென்ஸ், இப்போ செல்லுதான்னு வரும். ரெண்டு நிமிஷ வேலை. காண்ட்ராக்டரோட போடுற ஒப்பந்தத்துல 'நல்ல கம்பெனி பைப்'னு எழுதாதீங்க. ஐஎஸ் எண்ணோட, ஈயம் இல்லாததுன்னும் எழுதுங்க, பில்லை உங்க பேர்ல வாங்குங்க. புது லைன் போட்டதும் சில நாள் தண்ணியை நல்லா ஓட விட்டுட்டு அப்புறம் சமையலுக்கு எடுங்க. ராத்திரி முழுக்க குழாயில் நின்ன தண்ணியைக் காலையில் முதல்ல செடிக்கு விட்டுடலாம்.

அம்மாவுக்குப் புது பைப்புல ஒரே ஒரு குறை. "இவ்வளவு செலவு பண்ணியே, சோப்பு இன்னும் நுரைக்க மாட்டேங்குதே." அது பைப் பிரச்சினை இல்லம்மா, போர் தண்ணி, கால்சியம்னு விளக்கிப் பார்த்தேன். சாஃப்ட்னர் போட முப்பத்தஞ்சாயிரம் கேட்கிறாங்க. மாசா மாசம் உப்பு வேற வாங்கணுமாம். இன்னும் கொட்டேஷனைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.